பத்து வாரக் குட்டியின் கடியும் உறுமலும்: கண்டிப்பது எப்படி?

இளந்தளிர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பத்து வாரப் பெண் நாய்க்குட்டி ஒன்று வளர்கிறது. ஆறாவது வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு எங்களிடம் வந்தது. சுறுசுறுப்பான, பாசமான குட்டிதான். ஆனால் அதன் சில பழக்கங்கள் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகின்றன. கையை நீட்டினால் கவ்வுகிறது, நடந்தால் கணுக்காலைத் துரத்திக் கடிக்கிறது, செருப்பையும் நாற்காலிக் காலையும் கொறிக்கிறது. வெளியே அழைத்துச் சென்றபோது சும்மா சுற்றிவிட்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தின் மூலையில் சிறுநீர் கழிக்கிறது. மாலையானால் காதுகளை மடக்கிக்கொண்டு, பின்புறத்தைத் தாழ்த்தி, கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, எதிரே வருபவரின் ஆடை நுனியைப் பிடித்துத் தொங்குகிறது. இந்த வாரம் புதிதாக, உணவுக் கிண்ணத்தின் அருகே என் ஆறு வயது மகன் குனிந்தபோது உறுமவும் செய்தது.

என் கணவர் அதன் வாயைப் பொத்திப் பிடித்து உரக்க அதட்டுகிறார்; என் மாமியாரோ, குட்டிதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார். ஒரே வீட்டில் இரண்டு சட்டங்கள் நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலையாக இருக்கிறது. இவ்வளவு சிறிய குட்டியைக் கண்டிக்கலாமா, கண்டிப்பதென்றால் எதற்கு, எப்போது, எவ்வளவு என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழையகயிறு:

அடியாத மாடு படியாது என்பது நாய்க்கும் பொருந்தும் என்பதே என் கருத்து. நான் சிறு வயது முதல் நாய் வளர்ப்பவன். கடித்தால் மூக்கின் மேல் சுருட்டிய செய்தித்தாளால் ஒரு தட்டு. வீட்டுக்குள் அசுத்தம் செய்தால் அந்த இடத்துக்கு இழுத்துப்போய்க் காட்டி ஓர் அதட்டல். அவ்வளவுதான் எங்கள் முறை. கொடுமைப்படுத்தச் சொல்லவில்லை. வீட்டில் யார் பெரியவர் என்பது குட்டிக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிட வேண்டும், இல்லையென்றால் பிறகு நம் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடும் என்றுதான் சொல்கிறேன். உங்கள் கணவர் செய்வதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

நான்குகால்:

வணக்கம் அம்மா. கண்டிக்கலாமா என்ற கேள்விக்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: இந்தச் செயலால் குட்டிக்கு என்ன கிடைக்கிறது? வீம்புக்காகவோ பழிவாங்குவதற்காகவோ எந்தக் குட்டியும் எதையும் செய்வதில்லை. அது செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் எங்கிருந்தோ கூலி வந்துகொண்டிருக்கிறது. கூலி கிடைத்த வேலையைத் திரும்பச் செய்கிறது, கிடைக்காததை மெல்லக் கைவிடுகிறது. கணுக்காலைக் கடித்தால் நீங்கள் துள்ளுகிறீர்கள், கத்துகிறீர்கள், காலை வெடுக்கென இழுத்துக்கொள்கிறீர்கள். ஓடுவதைத் துரத்தப் பிறந்த விலங்குக்கு இதைவிட நல்ல விளையாட்டு ஏது? வாயைப் பொத்திப் பிடிப்பதும் அப்படித்தான். துணிச்சலான குட்டி அதை மல்லுக்கு அழைப்பதாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் பாயும். பயந்த குட்டி, முகத்தருகே கை வந்தாலே ஒதுங்கவோ, ஒதுங்க இடமில்லாதபோது உண்மையாகவே கடிக்கவோ கற்றுக்கொள்ளும்.

கடியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் குட்டி ஆறாவது வாரத்திலேயே பிரிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் கூடப்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போதுதான் கற்கின்றன. ஒன்று மற்றொன்றின் காதை அழுத்திக் கடித்தால் கடிபட்டது வீறிட்டு விலகிவிடுகிறது, விளையாட்டு நின்றுபோகிறது, கடித்த குட்டி அடுத்த முறை தாடையைத் தளர்த்திக்கொள்கிறது. எட்டு வாரம் வரையிலாவது குட்டியைத் தாயோடு விட்டுவைக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பாடத்தின் பாதியை உங்கள் வீட்டில் நீங்கள்தான் நடத்த வேண்டும்.

பல் தோலில் பட்ட நொடியில் கையை இழுக்காமல் அப்படியே அசையாது நிறுத்துங்கள். பிறகு ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து, சிறுவர்களுக்காக வாசலில் பொருத்தும் தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொள்ளுங்கள். பத்து முதல் இருபது நொடிகள் போதும். அதற்கு மேல் நீண்டால் விளையாட்டு எதற்காக நின்றது என்பதே குட்டிக்குத் தொடர்பற்றுப் போய்விடும். திரும்பி வந்ததும் கோபம் காட்டாமல், கைக்கும் பல்லுக்கும் இடையே நல்ல தூரம் இருக்கும்படி நீளமான துணிப் பொம்மை ஒன்றைத் தரையில் இழுத்துக் காட்டி, அதைக் கவ்வச் செய்து விளையாடுங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அறையில் அடைப்பதைவிட நாம் விலகுவது மேலானது; தூக்குவதே அதற்கு இன்னொரு கவனிப்பாகிவிடும். கடிபட்டவர் நாய்க்குட்டியைப் போல வீறிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சில குட்டிகள் அதைக் கேட்டு நிறுத்தும். பல குட்டிகளுக்கு வெறி இன்னும் கூடும். இரண்டு மூன்று முறையிலேயே உங்கள் குட்டி எந்த வகை என்று தெரிந்துவிடும்.

மாலை நேரத்து ஓட்டத்தை நான் கெட்ட பழக்கமாகவே கணக்கிட மாட்டேன். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு முதல் இருபது மணி நேரம் தூங்க வேண்டும். பலர் நடமாடும் கூடத்தில் அது தூங்குவதில்லை. யாராவது எழுந்தால் அதுவும் எழுந்துகொள்கிறது. மாலையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தூக்கம் கெட்ட குழந்தையின் அடம்தான். பகலில் ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் அமைதியான மூலையில், தடுப்புக்குள், ஒரு கொறிக்கும் பொம்மையோடு விட்டுவிடுங்கள். கடியில் பாதி இதிலேயே குறைந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சிறுநீர் விஷயத்தில் கண்டிப்புக்கு இடமே இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாட்டு முடிந்ததும் வெளியே கொண்டுபோங்கள். அங்கே விளையாடாமல், பேசாமல், ஒரே இடத்தில் நில்லுங்கள். அது கழித்து முடித்த உடனே, அந்த இடத்திலேயே, ஒரு துணுக்குத் தின்பண்டமும் பாராட்டும் கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்கான கூலியாகிவிடும். வெளியே ஒன்றும் நடக்கவில்லையென்றால், உள்ளே வந்ததும் அவிழ்த்துவிடாமல் மடியிலோ கயிற்றிலோ உங்களோடு வைத்திருந்து, பத்து நிமிடத்தில் மறுபடி கொண்டுபோங்கள். கூடத்து மூலையை, சிறுநீர் மணத்தைச் சிதைக்கும் நொதி கலந்த திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம். அதன் வாடை நாயின் மூக்குக்குச் சிறுநீரை நினைவூட்டக்கூடியது.

செருப்பைக் கொறிப்பதற்கான மருந்து செருப்பை எடுத்து உள்ளே வைப்பதுதான்.

ஊசிமருந்து:

நான் கால்நடை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். மேலே நான்குகால் எழுதியதோடு உடன்படுகிறேன். உடல் சார்ந்த சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கும் இவை ஊசி போல மெல்லியவை; எனவே குட்டி மெதுவாகக் கவ்வினாலே தோல் கிழியும். மூன்று முதல் நான்கு மாத வயதில் முன்பற்கள் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். ஆகவே இன்னும் சில வாரங்களில் ஈறு வலியால் கொறிப்பது அதிகமாகப் போகிறதே தவிர, குறையப் போவதில்லை. நனைத்து முறுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்த துணியைக் கண்முன்னே கொறிக்கக் கொடுக்கலாம்; துணியை விழுங்கும் குட்டியாக இருந்தால் கடினமான ரப்பர் பொம்மை நல்லது. மின்கம்பிகளை எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்னும் மாற்று இனிப்பு சேர்ந்த மிட்டாய் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால், கொறிக்கும் வயதில் இவை தரையருகே இருக்கவே கூடாது.

சிறுநீர் குறித்து இரண்டு எச்சரிக்கைகள். மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையே குட்டி அடக்கிவைத்திருக்கக்கூடிய மணி நேரத்தின் தோராயமான உச்சவரம்பு. உங்கள் குட்டிக்கு அது மூன்று மணி நேரம், விழித்து விளையாடும்போது அதைவிட மிகக் குறைவு. ஆனால் நிமிடத்துக்கொரு முறை சொட்டுச் சொட்டாகக் கழித்தாலோ, முக்கினாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ அது பழக்கம் அல்ல, சிறுநீர்த்தொற்றாக இருக்கலாம், பரிசோதித்துவிட வேண்டும். அதேபோல, யாராவது வரும்போது உடலைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னுக்கு ஒடுக்கி, குழைந்துகொண்டே சிறுநீர் விடுமானால், அது பணிவின் அடையாளம். அதற்காக அதட்டினால் இன்னும் பணிவதற்காக இன்னும் அதிகமாகவே கழிக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விளையாட்டாகக் கடித்தாலும், தோல் கிழிந்தால் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மனிதர்களுக்கான மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி குட்டிகளுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு வார வயதில் அல்லது அதற்குப் பிறகே போடப்படுகிறது. உங்கள் குட்டிக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. குட்டிதானே என்று விட்டுவிடும் வழக்கத்தை இந்த ஒரு விஷயத்தில் மாமியார் அவர்கள் கைவிட வேண்டும்.

பழையகயிறு:

மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான்குகால் அவர்களே, நீங்கள் சொல்லும் முறையில் வீட்டிலுள்ளவர்கள் நாள் முழுவதும் குட்டியின் பின்னாலேயே திரிய வேண்டியிருக்கிறது. ஒரு தட்டில் முடியும் வேலைக்கு ஒரு மாதப் பாடத்திட்டமா? என் நாய்கள் எவையும் என்னைக் கண்டு பயந்து ஓடியதில்லை. தவறு செய்த நாய் தலையைக் குனிந்து, கண்ணைத் தாழ்த்தி நிற்பதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். தான் செய்தது தவறு என்று அதற்குத் தெரிகிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கேள்விக்குறி:

பழையகயிறு ஐயா அவர்களின் இந்தக் கடைசிக் கேள்வியைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்று நாய்க்கு ஆணையிட்டுவிட்டு உரிமையாளர் அறையைவிட்டு வெளியேற, அவர் இல்லாதபோது நாய் உண்மையில் என்ன செய்தது என்பது அவருக்குச் சில வேளை மாற்றிச் சொல்லப்பட்டது. குற்றவுணர்வுத் தோற்றம் தின்பண்டத்தைத் தின்றதோடு தொடர்புகொண்டிருக்கவில்லை. உரிமையாளர் திட்டியதோடுதான் தொடர்புகொண்டிருந்தது. ஒரு தவறும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அந்தத் தோற்றம் இன்னும் தூக்கலாக இருந்தது. அதாவது, நாய் தலைகுனிவது நம் முகத்தையும் குரலையும் பார்த்து. மூலைக்கு இழுத்துப்போய்க் காட்டும்போது குட்டி படிக்கும் பாடம், தரையில் சிறுநீரும் அருகே மனிதரும் சேர்ந்திருந்தால் ஆபத்து என்பது மட்டுமே. அதன் விளைவாகத்தான் சில நாய்கள் நம் கண்முன்னே, வெளியே அழைத்துச் சென்றாலும்கூட, கழிக்க மறுத்து, பிறகு கட்டிலுக்கு அடியில் போய்க் கழிக்கின்றன. இளந்தளிர் அவர்களின் குட்டி வெளியே சும்மா இருந்துவிட்டு உள்ளே வந்து மூலை தேடுவதும் இதன் தொடக்கமாக இருக்கக்கூடும்.

வீட்டில் யார் பெரியவர் என்ற கருத்தும் ஓநாய்களிடமிருந்து வந்ததுதான். ஓநாய்கள் தலைமைக்காகப் போட்டியிடுகின்றன என்று ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் 1947இல் எழுதியது, அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி. அதை 1970இல் பரவலாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மீச் என்ற ஆய்வாளரே, கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கவனித்தபின், 1999இல் தம் பழைய விளக்கத்தைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம். பட்டத்துக்குப் போராடும் கும்பல் அல்ல. பத்து வாரக் குட்டி உங்கள் அரியணையைக் கைப்பற்றத் திட்டமிடவில்லை.

தட்டுவதன் விளைவைப் பற்றியும் ஒரு தரவு இருக்கிறது. அமெரிக்காவில் நடத்தைச் சிக்கல்களுக்காகக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்ட நாய்களின் உரிமையாளர்கள் 140 பேரிடம் கேட்டு 2009இல் வெளியான ஆய்வில், அடித்ததாகவோ உதைத்ததாகவோ சொன்னவர்களில் 43 விழுக்காட்டினர், நாய் அதற்கு ஆக்ரோஷமாக எதிர்வினை காட்டியது என்றனர். அவை ஏற்கெனவே சிக்கலுள்ள நாய்கள் என்பதால் எல்லா நாய்களுக்கும் அந்த எண்ணைப் பொருத்த முடியாது. ஆனாலும், ஆறு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் அப்படிச் சோதித்துப்பார்க்க நான் துணிய மாட்டேன்.

பழையகயிறு:

ஆய்வுகளை மறுக்க எனக்குப் படிப்பில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன்: குட்டி திறந்த கதவு வழியாகச் சாலைக்குப் பாய்கிறது. அப்போதும் அமைதியாக எழுந்து தடுப்புக்கு அப்பால் போய் நிற்பீர்களா?

நான்குகால்:

பாய்ந்து பிடிப்பேன் ஐயா, கத்தவும் செய்வேன். அது உயிரைக் காப்பது. அந்த நொடியில் முறை பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மறுநாளும் கதவு திறந்திருந்தால் குட்டியைத் திட்டுவதில் பயன் இல்லை, கதவைத்தான் கவனிக்க வேண்டும். மேலும், கூப்பிட்டவுடன் ஓடிவரும் பழக்கம் அந்த நாளில்தான் உதவும். கூப்பிட்டு அருகில் வந்தபின் ஒரு முறை அடிவாங்கிய குட்டி அடுத்த முறை கூப்பிடும்போது யோசிக்கும். சாலையோரத்தில் அந்த யோசனைக்கு நேரம் இருக்காது.

மாடிப்படி:

எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகளும் ஒரு குட்டியும் ஒரே காலத்தில் வளர்ந்ததால் ஒரே ஒரு சொல். குட்டியைப் பழக்குவதைவிடக் குழந்தைகளைப் பழக்குவதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. குட்டி பாய்ந்தால் மரம் போல நில், கைகளை மார்போடு கட்டிக்கொள், கூரையைப் பார் என்று சொல்லிக்கொடுத்தோம். ஓடும் பிள்ளையைத் துரத்தும் குட்டி, நிற்கும் பிள்ளையிடம் விரைவில் சலித்துப்போகிறது. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இரண்டையும் ஒரே அறையில் விடவே வேண்டாம்.

இளந்தளிர்:

அனைவருக்கும் நன்றி. என் கணவரும் இந்த இழையைப் படித்தார். வாயைப் பொத்துவதை நிறுத்திவிட்டார். பகல் தூக்கத்தை முறைப்படுத்தியதும் மாலை ஓட்டம் உண்மையிலேயே தணிந்திருக்கிறது. ஆனால் கடிக்கும்போது எழுந்து விலகும் முறையில் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. முதலில் சற்றுக் குறைந்த கடி இப்போது இன்னும் வேகமாக வருகிறது. நான் எழுந்ததும் குதித்து ஆடையைப் பிடிக்கிறது, தடுப்புக்கு அப்பாலிருந்து குரைக்கிறது. முறை தோற்றுவிட்டது என்று பொருளா? மேலும், கிண்ணத்தருகே உறுமுவதைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. உறுமியதும் கிண்ணத்தைப் பிடுங்கிவிட வேண்டும், அப்போதுதான் உணவு நம்முடையது என்று அதற்குப் புரியும் என உறவினர் ஒருவர் சொல்கிறார்.

நான்குகால்:

முறை தோற்கவில்லை, வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. இத்தனை நாள் தவறாமல் கிடைத்த கூலி திடீரென நின்றால், கைவிடுவதற்கு முன்னால் குட்டி இன்னும் பலமாக ஒரு முறை முயன்று பார்க்கும். பொத்தானை அழுத்தியும் மின்தூக்கி வராதபோது நாம் இன்னும் அழுத்தி, இன்னும் பலமுறை குத்திப்பார்ப்பதில்லையா? நடத்தை ஆய்வாளர்கள் நன்கறிந்த நிகழ்வு இது. இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்றுப்போகின்றன: ஐந்து முறை விலகியவர் ஆறாவது முறை பொறுக்காமல் சத்தம் போட்டு விளையாட்டைக் கொடுத்துவிடுகிறார். எப்போதாவது கிடைக்கும் கூலி, எப்போதும் கிடைக்கும் கூலியைவிடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்துவிடும். ஆகவே வீட்டிலுள்ள நால்வரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது மிக முக்கியம்; இரண்டு சட்டங்கள் பற்றிய உங்கள் கவலை சரியான கவலைதான். ஆடையைப் பிடித்தால் இழுத்துக்கொண்டு நடக்காமல் நின்றுவிடுங்கள், பிடி தளர்ந்ததும் விலகுங்கள். தடுப்புக்கு அப்பால் குரைக்கும்போது திரும்பி வராதீர்கள். மூச்சு வாங்க அது நிறுத்தும் இரண்டு நொடி அமைதியில் திரும்பி வாருங்கள்.

உறுமலுக்கு வருகிறேன். உங்கள் உறவினர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். உறுமல் என்பது, எனக்குச் சங்கடமாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளி நில் என்ற எச்சரிக்கை. அதைத் தண்டித்தால் சங்கடம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும்; அடுத்த முறை உறுமாமலே கடிக்கும் நாய் கிடைக்கும். கிண்ணத்தைப் பிடுங்கினால், மனிதர் வந்தால் உணவு போய்விடும் என்ற அதன் சந்தேகம் சரிதான் என்று நாமே நிரூபித்தவர்களாவோம்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. குட்டி சாப்பிடும்போது நான்கைந்து அடி தள்ளி நின்று கவனியுங்கள். அதன் உடல் தளர்வாக, வால் இயல்பாக இருக்கிறதா? நீங்கள் ஓரடி முன்னே வைக்கும்போது திடீரென வேகமாக விழுங்குகிறதா, தலையைக் கிண்ணத்துக்குள் இன்னும் தாழ்த்துகிறதா, உடல் விறைத்து அசையாமல் நிற்கிறதா, கண்ணின் வெள்ளை ஓரம் தெரியும்படி பக்கவாட்டில் பார்க்கிறதா? இவையெல்லாம் உறுமலுக்கு முன்னால் வருபவை. இவை தோன்றாத தூரத்திலேயே நின்று, கிண்ணத்தில் உள்ளதைவிட ருசியான ஒன்றை, வேகவைத்த கோழியின் சிறு துணுக்கு போதும், கிண்ணத்தருகே எறிந்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுங்கள். வேளைக்கு இரண்டு மூன்று முறை செய்தால் போதும். சில நாட்களில், நீங்கள் வருவதைப் பார்த்ததும் குட்டி கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி உங்கள் கையைப் பார்க்கும். அந்தப் பார்வை வந்தபின்தான் தூரத்தை ஓரடி குறைக்க வேண்டும். வாயில் எதையாவது கவ்விக்கொண்டு ஓடினாலும் துரத்திப் பிடுங்காமல், அதைவிட நல்லதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன் இந்தப் பயிற்சியில் ஈடுபடவே கூடாது. குட்டி சாப்பிடும்போது அவன் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதற்குத் தடுப்பைப் பயன்படுத்துங்கள்.

ஊசிமருந்து:

கிண்ணத்தருகே விறைத்து நிற்பது குறையாமல் கூடினாலோ, பல்லைக் காட்டிப் பாய்ந்தாலோ, நடத்தையியலில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரையோ, பரிசு முறையில் பழக்கும் பயிற்சியாளரையோ நேரில் பார்க்க வேண்டும். அதை எழுத்து மூலம் தீர்க்க முடியாது. வயிற்றில் பூச்சி உள்ள குட்டிகளுக்கு அடங்காப் பசி இருக்கலாம் என்பதால் பூச்சி மருந்து முறையாகக் கொடுக்கப்பட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு செய்தி. மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டி உலகத்தை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் காலம். உங்கள் குட்டிக்கு அதில் சில வாரங்களே மிச்சமிருக்கின்றன. தடுப்பூசி வரிசை முடியப் பதினாறு வாரம் ஆகும், அதுவரை வெளியே காட்டக் கூடாது என்று பலர் அடைத்துவைக்கிறார்கள். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாட்கள் ஆகி, பூச்சி மருந்தும் கொடுத்திருந்தால், சுத்தமான இடங்களில், தடுப்பூசி போட்ட நாய்களோடு பழகும் குட்டி வகுப்புகளைத் தொடங்கலாம் என்பதே விலங்கு நடத்தையியலுக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. தெரியாத நாய்கள் கழிக்கும் தரையில் இறக்காமல், கையில் தூக்கிக்கொண்டு வாகன ஒலி, குடை, மிதிவண்டி, பலவகை மனிதர்கள் ஆகியவற்றைக் காட்டுங்கள். பின்னாளில் கெட்ட நடத்தை என்று என்னிடம் கொண்டுவரப்படும் குரைப்பிலும் பாய்ச்சலிலும் பெரும்பகுதி அச்சத்தால் விளைவது. அச்சத்தைக் கண்டித்துப் போக்க முடியாது.

பழையகயிறு:

கிண்ணத்தைப் பற்றிய விளக்கம் எனக்குப் புதியது. எங்கள் முறையில் அதற்குப் பதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தின்பண்டம் விஷயத்தில் என் ஐயம் தீரவில்லை. கையில் தீனி இருந்தால் மட்டும் கீழ்ப்படியும் நாய்களைப் பக்கத்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது பழக்கமா, லஞ்சமா?

நான்குகால்:

அது லஞ்சம்தான், உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. தீனியை முன்கூட்டியே காட்டி வேலை வாங்கினால் அப்படித்தான் ஆகும். கை வெறுமையாக இருக்க வேண்டும். உட்கார் என்ற சொல், குட்டி உட்காருவது, அதன்பின் ஓரிரு நொடிக்குள் பையிலிருந்தோ மேசையிலிருந்தோ பரிசு, இதுதான் வரிசை. பழக்கம் நிலைத்தபின் ஒவ்வொரு முறையும் கொடுக்காமல் எப்போதாவது கொடுங்கள். மேலும் கூலி எப்போதும் தீனியாகவே இருக்க வேண்டியதில்லை. வெளியே போகத் துடிக்கும் குட்டிக்குக் கதவு திறப்பதே கூலி. அது நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் திறந்தால், மேலே தாவும் பழக்கமும் சேர்ந்தே போகும்.

இளந்தளிர்:

இரண்டு சிறு கேள்விகள் மட்டும். இரவில் கூண்டுக்குள் விட்டால் அழுகிறது, அழவிட்டுவிடலாமா? இந்தக் காலம் எப்போது முடியும்?

மாடிப்படி:

கூண்டை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். தனியாக இருந்தே பழகாத குட்டி அது. நடு இரவில் சிணுங்கினால் விளக்கைப் பெரிதாகப் போடாமல், பேசாமல் வெளியே கொண்டுபோய்க் கழிக்கவிட்டுத் திரும்பப் படுக்க வையுங்கள். கூண்டைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொள்ளலாம்.

கேள்விக்குறி:

கடி, பற்கள் மாறி முடிவதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் வேளையில் ஒரு பின்னடைவு வரும். 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், ஐந்து மாத வயதில் உட்கார் என்ற ஆணைக்குப் பணிந்த நாய்கள் எட்டு மாத வயதில் தம்மை வளர்ப்பவரின் சொல்லைக் கேட்கத் தயங்கின. அறிமுகமில்லாதவரின் சொல்லை அந்த அளவுக்குப் புறக்கணிக்கவில்லை. விடலைப் பருவத்தின் இயல்பு அது. அப்போது முதலிலிருந்து பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். புதிய முறை எதையும் தேட வேண்டாம்.

ஊசிமருந்து:

ஆறாவது மாதத்தில் ஒரு முறை குட்டியின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். புதிய கோரைப்பல்லுக்குப் பக்கத்திலேயே பழைய பால்பல்லும் விழாமல் நின்றால், சிறிய இன நாய்களில் இது அடிக்கடி நிகழும், அழைத்துவந்து காட்டுங்கள். அதை எடுத்துவிட வேண்டியிருக்கும். உதட்டைத் தூக்க அது அனுமதிப்பதற்கான பழக்கத்தை இன்றே, நாளுக்கு ஒரு நொடி தொட்டு ஒரு துணுக்குக் கொடுத்து, தொடங்கிவிடுங்கள்.